டிரைவர் பக்கம் பார்க்கும் திருகுகள்

பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்துவிட்டால் சங்கிலிப்பாண்டியின் காதில் எதுவும் ஏறாது. வண்டிக்காரர் பக்கத்தில் நின்று புழுக்கம், புகை, சத்தம் என்று தம் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். இவர் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து, தண்ணீர் ஓடும் ரப்பர் ஹோஸ்களைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கிளிப்பை முறுக்க அதிலேயே ஒரு திருகு உண்டு. இவர் மாட்டிய கிளிப் என்றால் அந்தத் திருகின் தலை டிரைவர் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு அல்ல, எல்லாமே. ஒன்று வேறு பக்கம் திரும்பியிருந்தால் போதும், முகம் சுண்டிவிடும். வண்டிக்கு என்ன நோக்காடு என்பதெல்லாம் அப்புறம். வேறு ஆள் கை பட்டதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

“கை மாறுனா வண்டி சொணங்கிப் போவும்” என்பார். அதற்கு ஆதாரம் கேட்டால் சொல்லத் தெரியாது.

இலஞ்சி விலக்கில் தென்னந்தோப்பை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவருடைய ஒர்க்‌ஷாப். வயது ஐம்பத்திரண்டு. ரேடியேட்டர் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. கையில் நல்ல வேலை உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மனிதருக்குத் தம்மிடம் வரும் வண்டிகள்மேல் இருப்பது அக்கறை மட்டும் இல்லை, ஒரு பாத்தியதை. தம் வாடிக்கையாளர் வேறு கொட்டகை வாசலில் சும்மா டீ குடித்துக்கொண்டு நின்றாலும் அன்று மத்தியானம் சோறு இறங்காது. மனைவி சங்கரேஸ்வரி தூக்குவாளியைத் திறந்து பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவாள். இன்றைக்கு யார் எங்கே போனார்கள் என்று கேட்பாள்.

பெரும்பாலும் பதில், நாசரிடம் என்பதாக இருக்கும்.

நாசருக்குச் செங்கோட்டையில் ஒர்க்‌ஷாப். இருவரும் ஆலங்குளத்தில் ஒரே கொட்டகையில் தொழில் படித்தவர்கள், ஒரே வயது, ஒரே தட்டில் புரோட்டா பிய்த்துத் தின்றவர்கள். நாசர் ஒரு தப்பும் செய்ததில்லை. அதுதான் கோளாறு. அவன் வேலை செய்யும்போது சிரிப்பான், வண்டிக்காரர் பேசி முடிக்கும்வரை துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்பான், உட்கார முதுகு சாய்கிற நாற்காலி போடுவான். இதைக் கேள்விப்பட்ட வாரமே சங்கிலிப்பாண்டியும் தென்காசிக்குப் போய் அதே மாதிரி இரண்டு நாற்காலி வாங்கி வந்தார். செங்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போக நேர்ந்தால் ஜன்னல் ஓரம் இடம்பிடித்து, நாசர் வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணுவார். எண்ணிவிட்டு, அதில் பாதி வேலைக்கு வந்த வண்டியாக இருக்காது என்று தமக்குள் முடிவு செய்துகொள்வார். பொறாமைதான், வேறு நல்ல பெயர் வைக்க வழியே இல்லை.

இந்தக் குற்றாலச் சீசனில் அந்தப் பொறாமை தங்கபுஷ்பத்தின் அம்பாசிடருக்குள் புகுந்தது.

தங்கபுஷ்பம் குற்றாலத்தில் பழக்கடை வைத்திருப்பவர். சாரல் விழத் தொடங்கினால் தினமும் விடியக்காலையில் தாமே வண்டி ஓட்டிக்கொண்டு புளியரை மலை வளைவுகள் ஏறி ஆரியங்காவுக்குப் போய், மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாக ஏற்றி வருவார். இந்த இரண்டு மாத ஓட்டத்தில்தான் அவருக்கு வருஷம் ஓட வேண்டும். பதினெட்டு வருஷமாக அந்த வண்டிக்கு சங்கிலிப்பாண்டி கைதான். மே கடைசியில் ரேடியேட்டருக்கு அடியில் புது ஹோஸ் மாட்டிக் கொடுத்ததும் அவரே. மேலே போகும் ஹோஸில் சூடான தண்ணீர் எஞ்சினிலிருந்து வரும், அடி ஹோஸ் வழியாக ஆறிய தண்ணீரை பம்ப் உறிஞ்சிக்கொள்ளும்.

ஜூன் இரண்டாம் வாரம் ஒருநாள் எஞ்சின் ஆயிலை மாற்ற வண்டி வந்தது. பானட்டைத் தூக்கினார், வெளிச்சம் அடித்தார். அடி ஹோஸில், பம்ப் பக்கத்துக் கிளிப்பின் திருகு எதிர்ப்பக்கம், கிளீனர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சங்கிலிப்பாண்டிக்கு வயிறு எரிந்தது. பதினெட்டு வருஷம்! நிமிராமலே கேட்டார்.

“யாருக்கா இதுல கை வச்சது?”

தங்கபுஷ்பம் ஒளிக்கவில்லை. சீசன் தொடங்கின மூன்றாம் நாளே புளியரையில் வண்டி கொதித்து நின்றுவிட்டதாம். உருட்டிக்கொண்டு இறங்கினால் முதலில் வருவது செங்கோட்டை, அங்கே நாசர். “நடுவழியில நின்னா நான் என்ன செய்ய தம்பி? அவன் கீழ என்னமோ இறுக்குனான். பொறவு ஒரு நாள்கூட கொதிக்கல. என்ன சொன்னாம்னா…” என்று அவர் ஆரம்பித்தார். சங்கிலிப்பாண்டி ஸ்பானரை ஸ்பானர்மேல் போட்டுச் சத்தம் உண்டாக்கினார். நாசர் என்ன சொன்னான் என்பதை அவர் காது வாங்கவில்லை. ஆயிலை மாற்றினார். மாற்றிவிட்டு அந்தக் கிளிப்பைத் தளர்த்தி, தலையைத் தம் பக்கம் திருப்பி, முறுக்கி வைத்தார். அப்புறம்தான் மூச்சு சீராக வந்தது.

மறுநாள் புளியரை இரண்டாம் வளைவில் வண்டி கொதித்தது.

யாருக்குக் கோபம் வர வேண்டுமோ அவருக்கு வரவில்லை, சங்கிலிப்பாண்டிக்கு வந்தது. நாசர் எதையோ கெடுத்து வைத்திருக்கிறான் என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். வண்டியில் இருந்த கோளாறைத் தேடவில்லை, நாசரின் கோளாறைத் தேடினார். ரேடியேட்டரைக் கழற்றி இரண்டு பக்கமும் தண்ணீர் விட்டு அலசினார். ஃபேன் பெல்ட் புதிது போட்டார். தண்ணீரைச் சூடேறும்வரை தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிச் சட்டியில் வெந்நீர் வைத்துப் போட்டுப் பார்த்தார். அது ஒழுங்காகத் திறந்தது. ஒழுங்காகத் திறந்ததே என்று அதன்மேலும் எரிச்சல்பட்டார். திரும்ப மாட்டிக் கொடுத்து அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் கொதித்தது. சனி, ஞாயிறு கூட்டத்துக்கு என்று ஏற்றிய பழம் பாதி வெயிலில் கிடந்து வெதும்பிவிட்டது. தங்கபுஷ்பம் கத்தவில்லை. முதுகு சாய்கிற நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

“நாளைக்கும் கொதிச்சிட்டுன்னா, வண்டிய நாசருட்டயே விட்டுருதேன் தம்பி. நீ ஒண்ணும் நெனச்சிக்கிடாத. எனக்கு மல ஏறணும்.”

இதற்கு அவர் ஒரு அடி கொடுத்திருக்கலாம் என்று இருந்தது சங்கிலிப்பாண்டிக்கு. பானட்டுக்குள் தலையை விட்டார். முதல் முறையாக அன்றைக்கு வண்டியைப் பார்த்தார்.

ஆறியிருந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டார். தண்ணீர் சும்மா இருந்தது. தங்கபுஷ்பத்தை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். குமிழி குமிழியாகக் கிளம்பியது. எஞ்சின் தலையில் ஓட்டையாக இருந்தால் மிதிக்காமலும் குமிழி வந்திருக்கும். இது மிதித்தால் மட்டும் வருகிறது. பம்ப் வேகமாக உறிஞ்சும்போது எங்கேயோ காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது, ஆனால் உள்ளே தண்ணீரின் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். மலையேறினால் கொதிக்காமல் என்ன செய்யும்?

டப்பாவிலிருந்து கிரீஸை விரலில் அள்ளி மூட்டு மூட்டாகப் பூசிக்கொண்டே வந்தார். மேலே பூசினார், குமிழி நிற்கவில்லை. ரேடியேட்டர் அடியில் பூசினார், நிற்கவில்லை. பம்ப் பக்கத்து மூட்டில் பூசினார். தண்ணீர் கண்ணாடி மாதிரி அடங்கியது.

சங்கிலிப்பாண்டி தாமே திருகைத் திருப்பி வைத்த மூட்டு அது. பிறகு கிரீஸைத் துடைத்துவிட்டு, டிரைவர் பக்கத்திலிருந்து திருப்புளியை விட்டுப் பார்த்தார். பழைய ஹோஸ் மெலிசு, இந்தத் தடித்த புது ஹோஸில்தான் அந்த இடத்துக்கு ஒரு இரும்புத் தாங்கி குறுக்கே நின்றது. திருப்புளி சாய்ந்துதான் நுழைந்தது, முறுக்க முறுக்க வழுக்கியது. இறுகிய மாதிரி கைக்குத் தெரியும், இறுகியிருக்காது. கிளிப்பைக் கிளீனர் பக்கம் திருப்பி அந்தப் பக்கமாக விட்டார். நேராக இறங்கி, முழுசாக இரண்டு சுற்று முறுகியது. நாசர் ஐந்து நிமிஷத்தில் பார்த்தது இதைத்தான். வண்டிக்காரி அன்றைக்கே சொல்ல வந்ததும் இதுவாகத்தான் இருக்கும். கொதிக்க வைத்தது மூன்று தடவையும் தம் கைதான் என்பது விளங்கியபோது அவருக்கு வெட்கம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் வெட்கத்தைவிட முந்திக்கொண்டு நாசர்மேல் இன்னும் கொஞ்சம் பொறாமை வந்துவிட்டது.

“ஏறிப் பாத்துருவோம்க்கா” என்று தோல்பையை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். இலஞ்சி, செங்கோட்டை, புளியரை. நாசர் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டும்போது குனிந்து செருப்பைச் சரிசெய்தார். இரண்டாம் வளைவு போனது, மூன்றாவது போனது, சூடு காட்டும் முள் பாதியிலேயே நின்றது. உச்சியில் வண்டியைத் திருப்பும்போது தங்கபுஷ்பத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“நீ நீதாம் தம்பி” என்றார். “போற வழியில நாசருட்டயும் நிப்பாட்டி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம். பாவம், நேத்துகூட போன்ல வெசாரிச்சான். பானட்டத் தூக்கிப் பாக்காம விடமாட்டான்.”

சங்கிலிப்பாண்டி சரி என்றார். அடுத்த வளைவு வருவதற்குள், வண்டியை ஓரமாக ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய் பானட்டைத் தூக்கினார். பையிலிருந்த கிரீஸ் டப்பாவைத் திறந்து, அந்த ஒரு கிளிப்பின்மேல் ஒரு கை அப்பினார். விரல் சுட்டது. உதறிவிட்டு, திருகின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாமல் போகும்வரைக்கும் இன்னும் ஒரு கை அப்பினார்.