துலுக்காத சேவல்

கோழி வளர்க்கும் ஆசை எனக்கு இருந்ததே இல்லை. திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கோழி என்றால் சீரகச்சம்பா பிரியாணிக்குள் கிடப்பது, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு கடைக்குப் பின்னாலேயே. போன ஐப்பசியில் பழனிப் பக்கம் வேலையாகப் போன என் வீட்டுக்காரர், செருப்பு அட்டைப்பெட்டி ஒன்றோடு வந்து நின்றார். உள்ளே பஞ்சு உருண்டை மாதிரி இரண்டு வெள்ளைக் குஞ்சுகள்.

"சில்கி கோழியாம். எறகே முடி மாதிரி இருக்கும்னான். பாக்க அழகா இருந்துச்சு, வாங்கிட்டேன்" என்றார்.

"அழகா இருக்கதையெல்லாம் வாங்கிட்டு வந்தா யாரு பாக்குறது?" என்று கேட்டேன். அவர் கைகால் கழுவப் போய்விட்டார். எங்கள் வீட்டில் பதில் இல்லாத கேள்விகளெல்லாம் குழாயடியில்தான் முடியும்.

பார்க்க வேண்டியவள் நான்தான் என்பது முதல் மழையிலேயே தெரிந்துபோனது. மற்றக் கோழிகள் நனைந்தால் ஓர் உதறு உதறிவிட்டுப் போகும். சில்கியின் முடி தண்ணீரைத் துணி மாதிரிக் குடித்துவிடும். எனக்கு அது தெரியாது. கூண்டை முற்றத்தில் வைத்துவிட்டு, கடையில் ஒருத்தரிடம் ஆதார் நகல் கறுப்பாக வந்ததற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மழை வந்ததைக் கவனிக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு குஞ்சு விறைத்துக் கிடந்தது. இன்னொன்று கண்ணை மூடிக்கொண்டு நடுங்கியது. அதைத் துண்டில் சுற்றி, முடி காயவைக்கும் டிரையரை எடுத்துச் சூடான காற்றைக் காட்டினேன். ரொம்ப நேரம் கழித்து உடம்பையெல்லாம் ஒரு சிலுப்புச் சிலுப்பி, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. ஒரு கோழிக்காக அழுகிறோமே என்று கோபம் வந்தது. கோபத்தோடுதான் அழுதேன்.

மிஞ்சியதைப் பழக்குவது லேசாக இல்லை. மேலேயிருந்து கை நீட்டினால் பருந்து என்று நினைத்துப் பதறியது. அதனால் நான் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் குருணையை வைத்து, அதைப் பார்க்காத மாதிரிச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். முதலில் மூக்கு மட்டும் வந்தது. ஒரு வாரத்தில் கால் வந்தது. பிறகு மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. தலைக்கொண்டை வளர்ந்து கண்ணை மறைத்ததால் சின்ன ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டேன். கடையில் ஜெராக்ஸ் மிஷின் சூடானதும் அதன் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். நகல் எடுக்க வருகிறவர்கள் "இது நாயாக்கா, பூனையாக்கா?" என்று கேட்பார்கள். நகல் எடுக்க வேண்டிய தாளை மறந்துவிட்டு அதைத் தடவிக்கொண்டு நிற்பார்கள்.

காலிலும் முடி இருப்பதால் செம்மண் அப்பிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டினேன். முதல் இரண்டு தடவை தெருவே கேட்கக் கத்தியது. அப்புறம் சுகம் கண்டுவிட்டது. மேலே தண்ணீர் விழுந்தால் போதும், கண்ணைச் சொருகிக்கொண்டு கையில் அப்படியே சரிந்துவிடும். குளித்து முடித்து டிரையரைப் போட்டதும்தான் ஒரு சிலுப்பு. அதுவரை அசையாது.

"கோழிக்குச் சீயக்காய் போட்டுத் தல பின்னி விடுறதுதேன் பாக்கி" என்பார் என் மாமியார். அவருக்கு அது பிடிக்காது என்று சொல்ல முடியாது. நான் பார்க்காதபோது சோற்றுப் பருக்கை போடுவார்.

நாங்கள் அதைப் பெட்டை என்றே நினைத்திருந்தோம். சில்கியில் ஆறேழு மாதம் வரைக்கும் சேவலா பெட்டையா என்று விற்றவனுக்கே தெரியாதாம்.

சித்திரை கடைசியில் எனக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. வயிற்றுவலிதானே என்று இரண்டு நாள் சுக்குக் கஷாயம் குடித்துச் சமாளித்த என் புத்திசாலித்தனத்தால் வந்த வினை. சீழ் வயிறு முழுக்கப் பரவி, பிழைப்பதே கஷ்டம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எதுவும் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவர் மாமியார். எனக்குக் கஞ்சி இறங்கிய அன்றுதான் அவரும் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் நடமாடத் தொடங்கியதும் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சில்கி என் மடியில் இருந்தது.

"ஏத்தா, ஒன்ன ஆப்பரேசனுக்கு உள்ள கொண்டுபோன அன்னைக்கு, மாத்துச் சேல எடுக்க வீட்டுக்கு வந்தேன். கொலசாமி படத்துக்கு முன்னால நின்னு, 'அப்பா, என் மருமக பொழச்சு வந்தா ஒனக்கு ஒரு சேவல் குடுக்குறேன்'னு சொல்லி வாய மூடல. அது வரைக்கும் கூவாத கழுத, எனக்குப் பின்னால நின்னு கொக்கரக்கோன்னு கூவுது. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. சாமியே கேட்டு வாங்கிருச்சுத்தா. நான் என்ன பண்ண?"

மடியில் இருந்ததை நான் பார்த்தேன். ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எதற்கு முகம் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"சந்தையில நல்ல நாட்டுச் சேவலா வாங்கிக் குடுத்துருவோம் அத்தை."

"சாமி கேட்டது ஒண்ணு, நாம குடுக்குறது ஒண்ணா? மாத்திக் குடுத்து ஒனக்கு ஏதும் ஆச்சுன்னா நான் எங்க போய் முட்டிக்குவேன்?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் பிடிபிடி என்று பிடித்திருப்பேன். என் உயிருக்குப் பயந்து அழுத மனுஷியிடம் என்ன சண்டை போடுவது? வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குழாயடிக்குப் போய்விட்டார்.

ஆடியில் ஒரு நாள் குறித்தார்கள். அதுவரை நான் அதை மடியில் ஏற்றாமல் இருந்து பார்த்தேன். பழக்கம் விட்டால் பாசமும் விடும் என்று கணக்கு. அதுபாட்டுக்கு வந்து ஏறிக்கொண்டது. வாரா வாரம் பிரியாணி தின்கிறவள்தானே நீ, இதற்கு மட்டும் என்ன கண்ணீர் என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டியும் பயனில்லை. மடியில் வளர்ந்ததும் இலையில் விழுவதும் ஒன்றில்லை.

எங்கள் குலசாமி சித்தையன்கோட்டைப் பக்கம், ஊருக்கு வெளியே வயலுக்கு நடுவில் இருக்கிறது. கட்டடம் இல்லை. வேலும் அரிவாளும் ஒரு வேப்பமரமும்தான். நானும் மாமியாரும் ஆட்டோவில் போனோம். வீட்டுக்காரர் பொங்கல் சாமான்களோடு வண்டியில் முன்னால் போயிருந்தார்.

பூசாரி சேவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன தாயி, பொம்மையக் கொண்டு வந்திருக்கீக?"

எனக்கு ஒரு நப்பாசை. "அய்யா, இதுக்குக் காலுக்கு அஞ்சு வெரலு இருக்கு. மத்ததுக்கு நாலுதானே? ஊனம் இருக்கதச் சாமிக்குக் குடுக்கலாமா?"

"கொறஞ்சாத்தேன் தாயி ஊனம். கூட இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டுச் செம்பை எடுத்தார்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பலிக்கு வந்ததன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். அதற்குத் துலுக்குவது என்று பெயர். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது. மூன்று தடவை ஊற்றியும் துலுக்காவிட்டால் சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம் கத்தி வைக்கக் கூடாது. சேவல்கள் முதல் தண்ணீரிலேயே துலுக்கிவிடும். மூன்றாவது தண்ணீர் வரை போனதை நான் பார்த்ததில்லை.

வேண்டுதல் எனக்காக என்பதால் என்னையே பிடிக்கச் சொன்னார்கள். பூசாரி முதல் செம்பை ஊற்றினார். சேவல் கண்ணைச் சொருகியது. கழுத்தைத் தளர விட்டு, என் கையில் சரிந்து படுத்தது.

ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துவிட்டது அது.

"செத்த நேரம் பொறுப்போம்" என்றார் பூசாரி. பொறுத்தோம். இரண்டாவது செம்பு. அது சுகமாகத் தூங்கியது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அப்பா, என்ன கொற வச்சோம்?" என்று விம்மத் தொடங்கினார்.

மூன்றாவது செம்பும் விழுந்தது. அப்போதுதான் வயலுக்கு அந்தப் பக்கம் தென்னை மட்டைகள் சலசலப்பதைக் கேட்டேன். ஆடிக் காற்று. உச்சி வெயிலில் சூடாக, புழுதியை அள்ளிக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தது. குளியலுக்குப் பிறகு சூடான காற்று பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குப் பழக்கிக் கொடுத்ததே நான்தான்.

காற்றுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பினேன். சேவலை இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கையால் முந்தானையை எடுத்து அதற்கு முன்னால் அகல விரித்தேன். நான் சாமியிடம் மடிப்பிச்சை கேட்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். கேட்கத்தான் செய்தேன். காற்றையும் மறைத்தேன், பிச்சையும் கேட்டேன். என் வாழ்க்கையில் சாமியை அப்படி நான் கும்பிட்டதே இல்லை.

காற்று அடங்கியது. சேவல் அசையவில்லை.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "உத்தரவு இல்ல தாயி. பொங்க வச்சதே போதுமாம். சேவலக் கொண்டுட்டுப் போங்க" என்று என் நெற்றியில் திருநீறு பூசினார். அப்படியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோதுகூட இவ்வளவு நிம்மதி வரவில்லை, சத்தியமாக.

திரும்புகிற ஆட்டோவில் மாமியார் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஈரச் சேவல் என் மடியில் கிடந்தது. வண்டி மெயின் ரோட்டில் ஏறி வேகம் பிடித்ததும் வெக்கைக் காற்று உள்ளே அடித்தது. சேவல் எழுந்து நின்றது. ஒரே சிலுப்பு. மஞ்சள் தண்ணீர் முழுவதும் மாமியார் முகத்திலும் மூக்குக்கண்ணாடியிலும் சேலையிலும்.

வண்டியைத் திருப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சேவலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முந்தானையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் முந்தானையை எடுத்துக் காற்றுப் படாமல் சேவலின் மேல் போர்த்தினார்.

"தம்பி, செத்த மெதுவாப் போப்பா. ஈரத்தோட இருக்கு, வெறச்சுரும்" என்றார் டிரைவரிடம். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"சந்நிதியில கேட்டதுதேன் கணக்கு. ஆட்டோவுல துலுக்குறதெல்லாம் கணக்குல வராது."

தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.