அப்பாசாமி வெளுத்த பல்

அருப்புக்கோட்டையில் அப்பாசாமியைப் போல நூல் வெளுக்க ஆள் கிடையாது. பழுப்புக் கோரா நூலை பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் மல்லிகைப்பூ தோற்கும். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், இரண்டிலும் அளந்துதான் பேசுவார். மனைவி லிங்கம்மாள் தவறிப்போன பிறகு வேறு கல்யாணம் கட்டவில்லை. ஒரே மகள் சௌடேஸ்வரியைத் தறிக்குப் பக்கத்திலேயே போட்டு வளர்த்தார்.

நான் ராமசுப்பு. பல் டாக்டர் சௌந்தரபாண்டியனிடம் ஊசி கொதிக்கவைத்து, மருந்து கலந்து கொடுக்கிற வேலை. வாய் மட்டும் டாக்டரைவிட எனக்குப் பெரிது.

1971 ஐப்பசியில் அப்பாசாமி மகளைக் கூட்டி வந்தார். மேல் முன்பல் ஒன்று கறுத்து, ஈறில் சீழ் கட்டியிருந்தது. பதினைந்து நாளில் பெண் பார்க்க வருகிறார்களாம். "பிடுங்காமக் காப்பாத்திருங்கய்யா" என்று கும்பிட்டார்.

டாக்டர் பல்லில் துளை போட்டு, மெல்லிய ஊசியால் வேருக்குள் மருந்துத் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக விட்டுக் கழுவினார். "உள்ள கிருமி பாசி மாதிரிப் படிஞ்சிருக்கு. ஒரே நாள்ல போகாது. நாலு நாளைக்கு ஒருக்கா, ஆறு தடவை கழுவணும்" என்று துளையில் பஞ்சு வைத்துவிட்டு உள்ளே போனார்.

அப்பாசாமி மூக்கை உறிஞ்சினார். "என்ன தம்பி, நம்ம பிளீச்சிங் தண்ணி வாசம் அடிக்குது?"

"அதேதாண்ணே! நீங்க நூலை வெளுக்கீக, நாங்க பல்லை வெளுக்கோம்!"

பெரிய மேதாவி நான்! எவ்வளவு தண்ணீர் விட்டு நீர்க்கவைக்கிறோம் என்று சொன்னேனா? சௌடேஸ்வரிகூடக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அடுத்தவர் வீடு.

ஆறு தடவைக்கு இருபது நாள் ஆகும். அவர் கையில் இருந்தது பதினைந்து. நூல் சீக்கிரம் வெளுக்க வேண்டுமென்றால் பிளீச்சிங் பவுடரைக் கூடுதலாகப் போடுவார்கள். மனுஷர் அதைத்தான் செய்திருக்கிறார். வீட்டுக்குப் போய், பஞ்சை எடுத்துவிட்டு, பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரால் அந்தத் தண்ணீரைத் துளைக்குள் அழுத்தி ஏற்றியிருக்கிறார். அவள் அலறியபோது, பொறுத்துக்கோ தாயி, வெளுக்கிறது என்று அவர்கள் பாஷையில் சொல்லி இன்னொரு தடவையும் ஏற்றியிருக்கிறார்.

மறுநாள் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் பூசணிக்காயாய் வீங்கி, மேலுதடு வெந்திருந்தது. மதுரைக்கு அனுப்பினோம். உயிர் தப்பினாள். மூன்று பல் போயிற்று, உதடு கோணிக்கொண்டது. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் பஸ்ஸே ஏறவில்லை. அதற்குப் பிறகும் எவனும் வரவில்லை. அப்பாசாமி ஏழு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்து செத்துப்போனார்.

அன்று மதுரையிலிருந்து திரும்பியதும் அப்பனும் மகளும் நேராக எங்களிடம்தான் வந்தார்கள். டாக்டர் கத்தினார்: "யாருய்யா உம்மை இப்படிச் செய்யச் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். "தம்பிதான், அதே தண்ணின்னு…"

"நான் எப்பச் சொன்னேன்? பொய் சொல்லாதீக!" என்று பாய்ந்தேன். வேலை போய்விடுமே என்ற பயம்.

அப்பாசாமி டாக்டர் பக்கம் திரும்பினார். "சொல்லலைதான்யா. நானாத்தான் செஞ்சேன்."

சௌடேஸ்வரி வாயில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வலி பொறுக்காமல் ஆட்டுகிறாள் என்று நினைத்த டாக்டர் ஊசி போடச் சொன்னார். நான்தான் மருந்தை ஏற்றிக் கொடுத்தேன்.