நான் பை பாத்துக்காத நாள்

போன வருஷம் மாசி மாசம், எங்க மகளிர் குழுவுல பன்னெண்டு பேர் சேர்ந்து வேன் புடிச்சு மெட்ராஸ் சுத்திப் பாக்கப் போனோம். எங்களுக்கு ஊரு பாப்பிரெட்டிப்பட்டி பக்கம். அந்தப் பன்னெண்டு பேர்ல கடலை நேர்ல பாத்தவங்க ரெண்டே பேருதான். எனக்கு நாப்பத்திமூணு வயசு ஆச்சு, டிவியில பாத்ததோட சரி.

என்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். சின்னப் புள்ளையில போலியோ வந்து எடது காலு சூம்பிப் போச்சு. தொடையிலேர்ந்து பாதம் வரைக்கும் இரும்புக் கம்பியும் தோல் வாரும் வச்ச காலிப்பரை மாட்டிக்கிட்டு, கைத்தடி ஊனி நடப்பேன். வூட்டு முன்னால மோட்டார் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். தையல் சுத்தமா இருக்கும்னு ஊருல பேரு. வாயி கொஞ்சம் நீளம்னும் பேரு உண்டு.

எங்க போனாலும் எனக்கு ஒரே வேலைதான், பை பாத்துக்கறது. தீர்த்தமலைக்குப் போனா எல்லாரும் மேல ஏறுவாங்க. நான் அடிவாரத்துல செருப்பு, பை, சோத்துத் தூக்கு எல்லாத்தையும் சுத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒகேனக்கல்லுல எல்லாரும் குளிச்சுட்டு நடுங்கிக்கிட்டு வருவாங்க, நான் துண்டை எடுத்துக் குடுப்பேன். யாரும் என்னைப் புடிச்சு உக்கார வைக்கல, அதையும் சொல்லிடணும். நீ வரலையான்னு கேக்கறதுக்குள்ள, நான் பை பாத்துக்கறேன் நீங்க போயிட்டு வாங்கன்னு நானே முந்திக்குவேன். அப்படி முந்திக்கிட்டா, இவளால வர முடியாதுன்னு இன்னொருத்தர் சொல்ல வேண்டியதில்ல பாருங்க. பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்ச பழக்கம், முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

இந்தத் தடவை வேன் ஏறும்போதே மனசுல ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். கடல்ல கால் நனைக்காம ஊருக்குத் திரும்பறதில்ல. அதுவும் இந்த எடது காலு நனையணும். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா ஆளாளுக்கு யோசனை சொல்லுவாங்க.

காலையில கோயிலு, மியூசியம்னு சுத்திட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மெரினாவுல எறங்குனோம். எறங்குனதும் எல்லாரும் பழக்க தோஷத்துல பையெல்லாம் கொண்டாந்து என் முன்னால போட்டுட்டு ஓடுனாங்க. அவங்கள என்ன குத்தம் சொல்ல? என் வாயிலயும் அந்த வார்த்தை பாதி வந்துடுச்சு. அப்படியே முழுங்கிட்டேன். டூரை ஏற்பாடு பண்ணுன பக்கத்து வூட்டு அக்கா மட்டும் பக்கத்துல நின்னாங்க.

"அக்கா, இன்னிக்கு நான் பை பாத்துக்கல. நானும் கடலுக்குப் போறேன்."

அக்கா மணலைப் பாத்தாங்க, என் காலைப் பாத்தாங்க. அம்மாந்தூரம் மணல்ல காலிப்பரோட எப்படிப் போவன்னு கேட்டாங்க. நாலு பேரைக் கூப்பிடறேன், தூக்கிட்டுப் போயிடலாம்னாங்க. அது மட்டும் வேண்டாம்னேன். மூட்டை மாதிரி என்னைக் கொண்டு போயி எறக்கறதுக்கா நான் இவ்ளோ தூரம் வந்தேன்? அக்கா என்னையே பாத்துட்டு, சரி போ, பையை நான் பாத்துக்கறேன்னு சப்பணம் போட்டு உக்காந்துட்டாங்க.

சக்கர நாற்காலி போறதுக்கு ஒரு பக்கம் பாதை போட்டிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நாங்க எறங்குன எடத்துல வெறும் மணலுதான். நாலு எட்டு வச்சிருப்பேன், கைத்தடி பாதி உள்ள போயிடுச்சு. காலிப்பரோட சேந்த பூட்ஸைப் புடுங்கி எடுத்து வைக்கறதுக்குள்ள அடுத்த எட்டு பொதைஞ்சிடும். ரெண்டு தடவை விழுந்து எந்திரிச்சேன். மூணாவது தடவை விழுந்தப்ப, நடந்து போறது ஆகாத காரியம்னு எனக்கே தெரிஞ்சு போச்சு.

இன்னொரு வழி இருந்துச்சு. வூட்டுக்குள்ள காலிப்பரைக் கழட்டிட்டா, உக்காந்த வாக்குல கையை ஊனி நகந்துதான் போவேன். அடுப்படிக்கும் அப்படித்தான், கொல்லைக்கும் அப்படித்தான். ஆனா வெளியாளு யாராச்சும் கதவத் தட்டுனா, காலிப்பரை மாட்டிக்கிட்டுத்தான் போயித் தெறப்பேன். நான் நகர்றதை எங்க வூட்டாளுங்களத் தவிர ஒருத்தரும் பாத்ததில்ல. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கடற்கரை பூரா ஜனம். பாத்தா பாக்கட்டும்னு வாரை அவுத்துட்டேன். கைத்தடியை அங்கயே மணல்ல குத்தி வச்சேன். காலிப்பரை முன்னால தள்ளறது, அதுக்குப் பின்னால நான் நகர்றது. புதுச் சேலை. அதை நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

பாதி தூரத்துல மூச்சு வாங்கறதுக்காக நகர்றதை நிறுத்துனேன். மடியில என்னமோ விழுந்துச்சு. பத்து ரூபா நோட்டு. கண்ணாடி போட்ட ஒரு ஐயா, அம்பது வயசுக்கு மேல இருக்கும், அவரு சம்சாரத்தோட நடந்து போயிட்டிருந்தாரு. போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்கல.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. பேசாம அந்தப் பைங்ககிட்டயே திரும்பிப் போயிடலாமான்னு தோணுச்சு, பொய் சொல்லல. அப்புறம் என் மேலயே எனக்கு ரோஷம் வந்துடுச்சு. சார்னு சத்தமாக் கூப்பிட்டேன். திரும்பி வந்தாரு. நோட்டை நீட்டுனேன்.

"நான் பிச்சை எடுக்க வரல சார். தர்மபுரியிலேர்ந்து டூர் வந்திருக்கேன். கடல் பாக்க வந்தவ, உங்கள மாதிரியே."

மனுஷனுக்கு மொகம் செத்துப் போச்சு. அப்படியே மணல்ல முட்டி போட்டு நோட்டை வாங்கிக்கிட்டாரு. மன்னிச்சிடும்மான்னாரு. நான் எதாவது பண்ணட்டுமான்னு தயங்கித் தயங்கிக் கேட்டாரு. தூக்கிட்டுப் போறேன்னு சொல்லிடுவாரோன்னு பயந்து, நான் முந்திக்கிட்டுக் காலிப்பரை எடுத்து அவரு கையில குடுத்தேன்.

"இதுல உப்புத்தண்ணி படக்கூடாது சார், துரு புடிச்சிடும். நான் கால நனைச்சுட்டு வர வரைக்கும் பாத்துக்கோங்க."

சொன்னதுக்கு அப்புறம்தான் ஒறைச்சுது. இத்தினி வருஷம் ஊரு சாமானையெல்லாம் பாத்துக்கிட்டவ, மொதத் தடவையா என் சாமானைப் பாத்துக்கச் சொல்லி ஒருத்தர்கிட்டக் குடுத்துட்டுப் போறேன்.

அதுக்கப்புறம் கை வேகமா ஊனுச்சு. தூரத்துல எங்க ஆளுங்க அந்தப் பக்கம் திரும்பி அலையில நின்னாங்க. டூருக்குன்னு நான் தைச்சுக் குடுத்த ஜாக்கெட்டு, பத்து முதுகையும் அடையாளம் தெரிஞ்சுது. ஈர மணல் வந்ததும் நகர்றது சுலபமாயிடுச்சு. மொத அலை இடுப்பு வரைக்கும் வந்து அடிச்சுது. எம்மா, என்னா குளிரு! அது திரும்பிப் போறப்ப பாத்தேன், என் எடது காலு தண்ணியில எடையே இல்லாம மெதந்து, இப்படியும் அப்படியும் ஆடுச்சு. அந்தக் காலு அப்படி ஆடி நான் பாத்ததே இல்ல. வாய் விட்டு அழுதேன். சிரிச்சேன்னும் சொல்லலாம்.

சத்தம் கேட்டு எல்லாரும் திரும்புனாங்க. ஓடி வந்தவங்கள்ல ஒருத்தி என்னைத் தூக்க வந்தா. தூக்காத, உக்காருன்னேன். ஒவ்வொருத்தியா சேலையோட தண்ணியில என் பக்கத்துல உக்காந்தாங்க. கொஞ்ச நேரத்துல ஒருத்தி தானா எந்திரிச்சுப் போயி, பை பாத்துக்கிட்டிருந்த அக்காவை அனுப்பி வச்சா.

திரும்பி வரப்போ அரை மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. அந்த ஐயா அதே எடத்துல நின்னாரு. காலிப்பரைக் கீழ வைக்கவே இல்ல, ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேத்துப் புடிச்சிருந்தாரு. முட்டிக் கீல்ல போட்டிருந்த எண்ணெய் வெள்ளைச் சட்டையில அப்பியிருந்துச்சு. கீழ வச்சா கீல்ல மணல் போயிடும்னு இவரு அசையவே இல்லம்மான்னு அவரு சம்சாரம் சொன்னாங்க. எங்க ஆளுங்க தோளைப் புடிச்சு நடந்துடலாம்னு நான் வாரை மாட்டி முடிக்கற வரைக்கும் அவரு கடல் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டாரு. பேரு கேக்கணும்னுகூட எனக்குத் தோணல.

இப்பல்லாம் எங்க போனாலும், யாரு பை பாத்துக்கறதுன்னு சீட்டு குலுக்கிப் போடறோம். பன்னெண்டு சீட்டு, அதுல என் பேரும் ஒண்ணு. போன மாசம் தீர்த்தமலையில என் பேரே வந்துச்சு. எல்லாரும் சங்கடமா என் மொகத்தைப் பாத்தாங்க. நான் சிரிச்சுட்டு உக்காந்தேன். பை பாத்துக்கறதுல எனக்கு ஒரு குறையும் இல்லங்க. என் முறை வந்தா பாத்துக்குவேன், ஆனா யாரும் கேக்கறதுக்குள்ள நானே முந்திக்கற அந்தப் பழக்கத்தை மட்டும் கடல்லயே விட்டுட்டு வந்துட்டேன்.