கட்டைவிரல் பரிசோதனை

ஜங்லிகாட் சந்தையில் மீன் விற்கும் ஒரு அக்கா, எந்த மீனையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அமுங்கினால் பழசு என்று ஒதுக்கிவிடுவார்.

வாலிபால் ஆடும் என் மகளுக்கு முழங்காலுக்குக் கீழே வலி. வளரும் வயதில் வருவதுதான், குதிப்பதைக் குறைத்து ஐஸ் வையுங்கள் என்றார் டாக்டர். சனிக்கிழமை போட்டி இருந்ததால் மகள் ஒரே அழுகை.

அந்த அக்காவிடம் ஐஸ் கேட்கப் போனோம். அக்கா அவள் முழங்காலை மெல்ல அழுத்தினார்.

"அரே, டென்ஷன் மத் லோ, கவலைப்படாத. ஃப்ரெஷ் மாலு, இன்னும் வளருது. ஐஸைத் துணியில சுத்தி வையி. வலி போனப்புறம் குதிக்கலாம்."

டாக்டருக்கு மசியாதவள் உடனே தலையாட்டினாள்.

"எனக்கும் வலிக்குதுக்கா" என்று நானும் காலை நீட்டினேன்.

அழுத்திப் பார்த்தார். அமுங்கியது. ஐஸ் பெட்டியை மூடிவிட்டார்.