சமையலறை வாசற்கல்

என் மனைவி சுசீலாதேவி எதற்கும் பயந்து நான் கண்டதில்லை. முப்பது வருடம் எஸ்பியர்க் நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். எத்தனையோ கிழவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, கடைசியில் கண்ணையும் மூடிவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து புட்டு அவித்தவள். அப்படிப்பட்டவள் போன ஒக்டோபரில் ஒரு கல்லைப் பார்த்து ஆடிப்போனாள்.

நகரத்துக்கு வெளியே, காற்றைத் தவிர வேறு அயலவர் இல்லாத இடத்தில், உழுது பயிர்செய்த கமக்காரர் ஒருவரின் பழைய வீடொன்றை நாங்கள் வாங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. சமையலறை வாசலில் அகலமான கருங்கல் ஒன்று அப்போதே கிடந்தது. நான் அதில் குந்தியிருந்து மீன் வெட்டுவேன். தைப்பொங்கலுக்கு முதல்நாள் சுசீலா என்னைத் திட்டித் திட்டி அதைத் தேய்த்துக் கழுவுவாள். விடிந்ததும் கோலம் போட்டு, மூன்று செங்கல் வைத்து, அதன்மேல் பானை ஏற்றுவாள்.

முதல் பொங்கல் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. மகன் தாரகன் பானைக்குக் குடை பிடித்தான். அவனுக்கு அப்போது எட்டு வயது; குடை அவனையும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. ஒன்பது மணியாகியும் சூரியனைக் காணவில்லை. சுசீலா முகிலில் ஓரிடத்தைக் காட்டி, "அங்கதான் நிக்கிறார், கும்பிடுங்கோ" என்றாள். மகள் துவாரகா டேனிஷில் "எங்கே, எங்கே?" என்று கேட்டுக்கொண்டே கும்பிட்டாள். அந்தக் காலம் திரும்பி வராதா என்று இருக்கிறது. பிள்ளைகள் இப்போது கோபன்ஹேகன் பக்கம் போய்விட்டார்கள். இருவரும் ஒன்றாக வீட்டுக்கு வருவது பொங்கலுக்கு மட்டுந்தான்.

ஒக்டோபரில் வாசலடித் தண்ணீர்க் குழாய் உடைந்தது. திருத்த வந்தவர்கள் இயந்திரத்தால் கல்லைப் புரட்டினார்கள். அடிப்பக்கம் பளபளப்பாக, எழுத்தோடு இருந்தது. கமக்காரர் ஆனஸ் தொம்சன், பிறப்பு 1861, இறப்பு 1929. மனைவி மாரன், இறப்பு 1938.

"ஐயோ, செத்தவையின்ட கல்லிலயோ நான் பொங்கினனான்?" சுசீலா மண்ணிலேயே இருந்துவிட்டாள்.

"உன்ர வேலையில நீ பாக்காத பிணமே?" என்றேன்.

"அது வேலை. இது வீடு. இவ்வளவு காலமும் செத்தவீட்டுத் துடக்கோடயல்லோ பொங்கியிருக்கிறம்!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்த கெட்டதெல்லாம் கல்லின் கணக்கில் ஏறியது. என் முழங்கால் வலிகூட. நான் மீன் வெட்டியது தனிக்குற்றம். நானும் வெளியே சிரித்தேனே தவிர, அந்தச் செதிலும் இரத்தமும் எனக்கே அருவருப்பாக ஞாபகம் வந்தன. கடைசியில் அவள் தீர்ப்புச் சொன்னாள்: அந்தக் குடும்பத்தில் உயிரோடு யாரும் இருந்தால் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை இந்த வீட்டில் பொங்கல் இல்லை.

பொங்கல் இல்லையென்றால் பிள்ளைகளும் இல்லை.

துவாரகாவைத் தொலைபேசியில் பிடித்தேன். பழைய சனத்தொகைக் கணக்கெடுப்பை அரசாங்கம் இணையத்தில் போட்டிருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அல்பர்ட்ஸ்லுண்டில் கணினியோடும், நாங்கள் இங்கே மேசையில் தொலைபேசியோடுமாகத் தேடினோம். கணக்கெடுக்க வந்தவரின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. ஆனாலும் ஆள் அகப்பட்டார். 1911இல் எங்கள் வீட்டில் ஆனஸ், மாரன், நான்கு பிள்ளைகள். "இந்தக் குசினிக்குள்ள நாலு பிள்ளையளோ" என்று சுசீலா திரும்பி அடுப்பைப் பார்த்தாள். 1930இல் மாரன் விதவை. மகன் சோரனோடு இருக்கிறாள். 1940இல் சோரன், அவன் மனைவி, எலன் என்ற நாலு வயதுப் பிள்ளை. அதற்குப் பிந்திய கணக்கெடுப்பு எதுவும் இணையத்தில் இல்லை. கலியாணம் கட்டி எலனின் பெயர் மாறியிருந்தால் எங்கே போய்த் தேடுவது?

"அவையின்ட சேமக்காலைக்குப் போவம்" என்றாள் சுசீலா. கல்லுக்குப் பயந்தவள் கல்லறைகளுக்கு நடுவே எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். ஆனஸின் பெயரே அங்கில்லை; அவருடைய இடத்தில் இப்போது வேறு யாரோ. இங்கே புதைகுழியின் தவணை முடிந்து யாரும் காசு கட்டி நீடிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். ஆனால் வேலியோரமாகச் சோரன் தொம்சன் இருந்தான். குளிருக்குப் போர்த்துவதுபோல, பச்சை மாறாத ஊசியிலைக் கிளைகளால் அவன் கல்லறையை மூடியிருந்தார்கள்.

சுசீலா ஒரு கிளையைத் தொட்டு முகர்ந்தாள். "இஞ்சாருங்கோ, இது புதுசு. ஆள் இருக்கு!"

தேவாலய அலுவலகப் பெண் பெயர் தர மறுத்தாள். எங்கள் இலக்கத்தை உரியவரிடம் கொடுப்பதாகச் சொன்னாள். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி அடித்தது. எலன்தான். எண்பத்தொன்பது வயது. சுசீலா குற்றவாளிக் கூண்டில் நிற்பவளைப்போல எழுந்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மிதித்தது, நெருப்பு மூட்டியது, என் மீன், ஒன்றையும் விடவில்லை.

பிறகு எலன் கேட்டாள்: "நெருப்பு எந்த மாதத்தில் மூட்டுவீர்கள்?"

"ஜனவரியில்."

"நல்லது. ஜனவரியில் அந்த வீடு தாங்க முடியாத குளிர்."

கல்லை உடைத்துச் சல்லியாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சோரனே அதை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். அம்மா அப்பாவின் பெயரில் யாருடைய காலும் படக்கூடாதென்று எழுத்தை மண்பக்கம் வைத்தாராம். "நீங்கள் மிதித்தது முதுகைத்தான்" என்றாள் எலன். சுசீலா அன்று அழுத அழுகையை எங்கள் கலியாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

கல் பழையபடி கவிழ்ந்து படுத்தது. பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். தாரகன் போய் எலனைக் காரில் கூட்டிவந்தான். வாசலில் கதிரை போட்டு, இரண்டு போர்வை போர்த்து இருத்தினோம். பால் பொங்கி வழிந்து கல்லில் ஓடியதும் அவள் குழந்தைபோலக் கைதட்டினாள். சூரியனுக்குப் படைத்த பிறகு ஒரு கரண்டி வாயில் வைத்தவள், "இது எங்கள் நத்தார்ப் பாற்சோறு! யேசு பிறந்த இரவுக்கு இதே குசினியில் அம்மா கிண்டுவாள்" என்றாள். இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டாள்.

போகும் நேரம் சுசீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பிள்ளைகள் இல்லை. நான் போனபின் அப்பாவின் தவணையை நீடிக்க ஆளில்லை. அவருடைய கல்லையும் எடுத்துவிடுவார்கள்." வாசற்கல்லைப் பார்த்தாள். "இங்கே கொண்டுவந்து போடுவீர்களா?"

எங்களுக்குப் பிறகு இந்த வீடே யாருக்கோ, அதை யோசிக்காமல் வாக்குக் கொடுக்கலாமா என்று நான் வாயைத் திறந்தேன். சுசீலா அதற்குள் தமிழிலேயே "ஓம்" என்று தலையாட்டிச் சொல்லிவிட்டாள். எலனுக்கு அது விளங்கியது.

கார் போனதும் சுசீலா வாசலுக்கு வந்து, பெரிய கல்லுக்குப் பக்கத்தில் மண்ணைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"இதில தாய் தேப்பனுக்குப் பக்கத்தில படுக்கட்டும்" என்றாள். "நீங்கள் இனி மீனை அங்கால கொண்டுபோய் வெட்டுங்கோ."