மணிக்கட்டில கேட்ட வயலின்

வச்சிரம் காய்ச்சுற மணம் தெரியுமா உங்களுக்கு... மாட்டுத்தோல் பசை அது. அது அடுப்பில ஏறினா எங்கட வீட்டில ஒருத்தருக்கும் சோறு இறங்காது. அந்த நாத்தத்துக்க இருந்துதான் என்னக் கட்டின மனிசன் வயலின் திருத்துவார்.

அவர் ஓடாவி. கதவு, கட்டில் செய்யிறவர். வயலின் வேலை ஆசைக்குப் பழகினது. சண்டைக் காலத்தில வாவிக்கரையில விழுந்து வெடிச்ச ஒரு செல்லோட ரெண்டு காதும் அடைச்சுப் போச்சு. கிட்ட நிண்டு பலமாக் கதைச்சா விளங்கும். மெல்லிசான ஓசை ஒண்டும் கேக்காது.

வெளியில சொல்லல்ல. செவிட்டு ஓடாவிட்ட ஆரு வயலின் குடுப்பா...

அப்பதான் மாதா கோயில் பாட்டுக்குழு மாஸ்டர் தன்ட வயலினக் கொண்டுவந்தார். மேல் பலகை தடிப்பு. நாதம் உள்ளுக்கயே அடைஞ்சு கிடந்துது. பலகையக் கழட்டி உள்பக்கமாச் சுரண்டி மெலிசாக்கணும். கூடிப் போனா பலகை செத்துப் போகும். வேற பலகைக்கு எங்க போற... ரோட்டெல்லாம் ஆமி மறிக்கிற சென்றி.

உடைஞ்ச கண்ணாடித் துண்டாலதான் சுரண்டுவார். ரெண்டு இழுப்பு இழுத்துப்போட்டு, பலகைய ரெண்டு விரலால தொங்கப் பிடிச்சு, மற்றக் கை விரல் மொளியால தட்டுவார். தட்டின உடன நான் அவர்ர மணிக்கட்ட இறுக்கிப் பிடிப்பன். நாதம் ஓஞ்ச உடன விடுவன். எவ்வளவு நேரம் பிடிச்சன் எண்டத வச்சு அவர் கணக்குப் பாப்பார்.

முதல் நாள் வெறும் "டொக்". பிடிக்க முந்தியே விட்டுட்டன். ஹெலி வந்தா அந்த இரைச்சல் வாவியக் கடந்து போகுமட்டும் ரெண்டு பேரும் கையக் கட்டிட்டு இருப்பம்.

மூணாம் நாள் தட்டினார்... "ஊம்ம்ம்..." எண்டு நிண்டுது. நல்லா நேரம் பிடிச்சுத்தான் விட்டன்.

"இன்னும் ஒரு இழுப்பு" எண்டு கண்ணாடிய எடுத்தார். அந்தக் கையப் பிடிச்சன். விடல்ல.

"விடு புள்ள."

"போதும் எண்டுறன்."

"அஞ்சாம் வகுப்புக்காரி எனக்கு வயலின் படிப்பிக்கிறா."

"நான் பானை வாங்குறதும் தட்டித்தான், வாசிச்சு இல்ல. கீறல் பானை ஒண்டு இந்த வீட்டுக்கு வந்திருக்கா?"

சிரிச்சிட்டுக் கண்ணாடிய வச்சிட்டார்.

வச்சிரம் காய்ச்சிப் பலகைய ஒட்டின பிறகு மாஸ்டர் வந்து வாசிச்சார். இவர் வயலினப் பாக்கல்ல. கதவடியில நிண்ட என்ட முகத்தத்தான் பாத்தார். நான் தலையாட்டினன்.

"ஓடாவியார், உங்கட காதுக்கு ஒரு கும்பிடு" எண்டார் மாஸ்டர்.

மனிசன் சும்மா இருந்திருக்கலாம். "அந்தக் காது அந்தா கதவடியில நிக்குது. எனக்குக் கேக்காது மாஸ்டர்" எண்டுட்டார்.

போச்சு. இனி வேலை வராது...

மாஸ்டர் வயலினப் பெட்டிக்க வச்சார். பிறகு என்னப் பாத்து, "அப்ப இனி உங்களட்டத்தான் கேட்டுக் கொண்டுவரணும்" எண்டார். அடுத்த கிழமை ரெண்டு வயலின் வந்துது.

இப்ப மகன் வெளிநாட்டில இருந்து காது மிசின் அனுப்பியிருக்கான். நல்ல சாமான். பிள்ளையள் போனில கோல் எடுத்தா போட்டுக் கதைப்பார். பலகையத் தட்டினா சத்தத்த அளந்து நம்பர் காட்டுற ஒண்டும் பேத்தி போனில போட்டுத் தந்திருக்கா.

வயலின் பலகை கைக்கு வந்தா மட்டும் மிசினக் கழட்டி டப்பிக்க வைப்பார்...

பிறகு மணிக்கட்ட என்ட பக்கம் நீட்டுவார்.