பக்கத்துச் சொற்களை எழுதியவர்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில், பாலிங் காவல் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தமிழ்க் கடிதங்களைப் படித்து வெள்ளைக்கார அதிகாரிக்குச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை போட்டு, கடிதங்களில் அதன் இருபுறமும் வரும் சொற்களையும் எழுதிவைப்பது அவர் வழக்கம்.

‘மலைச்சாமிக்கு அரிசி கொடுத்தாச்சு’ என்று நான் அக்காவுக்கு எழுதிய கடிதம் போலீஸ் கையில் சிக்கியிருந்தது. போலீஸின் சந்தேகச் சொற்பட்டியலில் ‘மலை’ என்றால் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள். அவர்களுக்கு அரிசி கொடுத்தால் சிறை.

அவர் அட்டைகளை எடுத்து அதிகாரிக்குப் படித்துச் சொன்னார். எங்கள் ரப்பர்த் தோட்டத்துக் கடிதங்களில் ‘மலைச்சாமி’க்குப் பக்கத்தில் பூசை, பொங்கல், நேர்த்திக்கடன் என்றுதான் இருந்தது; அது எங்கள் கோயில் சாமி. அதிகாரி என்னைப் போகச் சொன்னார்.

வாசலில் மொழிபெயர்ப்பாளரிடம், “எதுக்கண்ணே பக்கத்து வார்த்தையெல்லாம் எழுதுறீங்க?” என்றேன்.

“தனியா நிக்கிற வார்த்தைய வச்சு யாரையும் புடிச்சிடலாம்லா, தம்பி.”

“அந்த லிஸ்ட்ட யாருண்ணே எழுதுனது?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான்தான். இந்த அட்டையெல்லாம் எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னால.”

அதற்குள் அந்தப் பட்டியலால் எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இன்றும் தோன்றுகிறது.